கையுறைக்காரர் மகனா, பிரபுவா?

2012 மார்ச் 4, ஒரு வாசகர்

ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியது வேறொருவர் என்று காட்டும் 'அனானிமஸ்' படத்தை நேற்று பார்த்தேன். இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. பல்கலைக்கழகத்தை எட்டிக்கூடப் பார்க்காத, கையுறை தைப்பவரின் மகனால் அரண்மனை, இத்தாலி, சட்டம், வேட்டை என்று எப்படி எழுதியிருக்க முடியும்? உயிலில் ஒரு புத்தகம்கூட இல்லையாம். அவர் கையால் எழுதியதாக எல்லோரும் ஒப்புக்கொள்வது ஆறே ஆறு கையெழுத்துகள், அவையும் வேறு வேறு எழுத்துக்கூட்டலில். ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியது ஆக்ஸ்ஃபோர்டு பிரபு எட்வர்டு டி வேர்தான் என்பதை இனியும் மறுக்க முடியுமா?

மார்ச் 4, இரவு 11.20

முடியும், தம்பி. அதற்கு முன் படத்தைப் பற்றிக் கொஞ்சம்.

அமெரிக்காவிலிருந்து வந்த அக்கா மகன் குறுந்தகடு கொண்டுவந்தான். போன வாரம் வீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்து பார்த்தோம். அரை மணி நேரத்தில் அக்கா வீட்டுக்காரர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். கதை நாற்பது ஆண்டுகளை முன்னும் பின்னும் தாண்டிக் குதிக்கிறது. "இந்தப் பையன் யாருடைய சின்ன வயது?" என்று என் மனைவி நான்கு முறை கேட்டாள். மூன்று முறை தவறாகவே பதில் சொன்னேன். முதிய எலிசபெத் ராணியாக வனெஸா ரெட்கிரேவ், இளைய எலிசபெத்தாக அவருடைய சொந்த மகள் ஜோலி ரிச்சர்ட்சன். அது ஒன்றுதான் வீட்டில் எல்லோருக்கும் ஒருமித்துப் பிடித்தது. ஆங்கில இலக்கியம் படிக்கும் அக்கா மகள் மட்டும் கடைசிவரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இயக்குநர் ரோலண்ட் எம்மெரிக். 1996-ல் வெள்ளை மாளிகையை வெடிக்கவைத்தவர், 2009-ல் உலகத்தையே தண்ணீரில் மூழ்கடித்தவர். இந்த முறை ஒரே ஓர் ஆளை மூழ்கடித்தால் போதும் என்று நினைத்திருக்கிறார்.

மார்ச் 5

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன்: "படிக்காதவரால் எப்படி முடியும்?"

படிக்காதவர் என்று யார் சொன்னது? ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் இலக்கணப் பள்ளி இருந்தது. அந்தக் காலத்து இலக்கணப் பள்ளி என்றால் விடிந்ததிலிருந்து சாயங்காலம்வரை லத்தீன். ஓவிட், டெரன்ஸ், சிசரோ எல்லாம் அங்கேயே தலையில் ஏற்றிவிடுவார்கள். தந்தை ஜான் ஷேக்ஸ்பியர் கையுறை செய்தவர் மட்டுமல்லர், ஊர் நிர்வாகத்தில் பெரிய பொறுப்பு வகித்தவர். மகனுக்கு அங்கே இடம் கிடைப்பதில் சிரமம் இருந்திருக்காது. அதே காலத்து நாடகாசிரியர்கள் மார்லோ, பென் ஜான்சன் போலக் கேம்பிரிட்ஜ் போகவில்லை, அவ்வளவுதான்.

படத்தில் வரும் ஷேக்ஸ்பியருக்கு வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. நாடகம் முடிந்து, ஆசிரியர் எங்கே என்று கூட்டம் கத்தும்போது பிரதியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடுகிறார். ரேஃப் ஸ்பால் நன்றாகவே நடித்திருக்கிறார். குடிகாரன், பெண்பித்தன், பணம் பறிப்பவன், இதெல்லாம் போதாதென்று கொலைகாரன் என்ற சாயலும் உண்டு. ஒருவர் எழுதவில்லை என்று வாதாட இத்தனை வசை தேவையா? வாதம் மெலிந்த இடத்தில்தான் வசை தடிக்கும்.

மார்ச் 6, காலை

திருத்தம். பென் ஜான்சன் கேம்பிரிட்ஜில் பட்டம் பெறவில்லை. அக்கா மகள் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டினாள். மார்லோதான் கேம்பிரிட்ஜ், அதுவும் உதவித்தொகையில். ஜான்சன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியோடு சரி. மாற்றாந்தந்தை கொத்தனார், இவரும் செங்கல் அடுக்கியிருக்கிறார்.

என் தவறு என் கட்சிக்கே வலு சேர்க்கிறது. மார்லோவின் அப்பா செருப்புத் தைப்பவர். ஜான்சன் கொத்தனார் வீட்டுப் பிள்ளை. அந்தக் காலத்து லண்டன் நாடகத்தை எழுதிய கைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான். செருப்புத் தைப்பவர் மகன் 'டாக்டர் ஃபாஸ்டஸ்' எழுதலாம், கொத்தனார் வீட்டுப் பிள்ளை 'வொல்போனி' எழுதலாம், கையுறைக்காரர் மகன் மட்டும் 'ஹாம்லெட்' எழுதக் கூடாதாம்.

மார்ச் 6, இரவு

மார்லோ பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் 1593 மே 30 அன்று டெட்ஃபோர்டில் கத்திக்குத்தில் இறந்துவிட்டார். படத்தில் அதற்குச் சில ஆண்டுகள் கழித்தும் மதுக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். ராணியின் ஆட்சியை எதிர்த்து எசெக்ஸ் பிரபு நடத்திய கலகத்துக்கு முன்னால் நடிக்கப்படுவதாகப் படம் காட்டுவது 'மூன்றாம் ரிச்சர்டு'. உண்மையில் 1601 பிப்ரவரி 7 அன்று ஷேக்ஸ்பியர் குழுவின் குளோப் கொட்டகையில் நடந்தது 'இரண்டாம் ரிச்சர்டு'. பழைய நாடகம், கூட்டம் வராது என்று நடிகர்கள் தயங்கியபோது, கலகக்காரர்கள் 40 ஷில்லிங் கூடுதலாகக் கொடுத்து நடிக்கவைத்தார்கள். மறுநாள் எசெக்ஸ் தெருவில் இறங்கினார். லண்டன் மக்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்த மாதமே தலை போனது.

படத்துக்கு ஏன் மூன்றாம் ரிச்சர்டு வேண்டியிருந்தது? அவர் கூனர், ராணியின் அமைச்சர் ராபர்ட் செசிலும் கூனர். மேடையில் கூனைக் கண்டதும் கூட்டம் கொதித்தெழ வேண்டும், அதற்காக. 'இரண்டாம் ரிச்சர்டு' ஓர் அரசர் முடியை இழக்கும் கதை, கலகத்துக்கு உண்மையில் பொருந்துவது அதுதான். ஆனால் அதில் கூன் இல்லை.

மார்ச் 9

இரண்டு நாளாக எழுதவில்லை. பரணில் ஏறி ஒரு பழைய நோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

தேதிகளை மாற்றுவது பெரிய குற்றமில்லை. ஷேக்ஸ்பியரே வரலாற்று நாடகங்களில் அதைத்தான் செய்தார். படத்தில் எனக்குப் பொறுக்காத காட்சி வேறு. பிரபுவின் அறையில் எழுதி முடித்த நாடகங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. நகைச்சுவை வேண்டுமா, எடுத்துக்கொள். சோகம் வேண்டுமா, இதோ. மளிகைக் கடைக்காரர் டப்பாவிலிருந்து பருப்பு எடுப்பதுபோல் எடுத்துக் கொடுக்கிறார். அந்த இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

1978 முதல் பதினொரு ஆண்டுகள் எங்கள் அலுவலக நாடகக் குழுவில் வசனம் எடுத்துக்கொடுப்பவனாக இருந்தேன். நடிப்பு வரவில்லை. குரல் மட்டும் தாழ்த்திப் பேச வரும். பக்கத் திரைக்குப் பின்னால் முக்காலி போட்டு, முழங்காலில் நோட்டு, கையில் கைக்குட்டை சுற்றிய டார்ச் விளக்கு. மயிலாப்பூர், மாம்பலம் சபாக்களில் ஏறக்குறைய நூறு மேடைகளை அந்த முக்காலியிலிருந்தே பார்த்திருக்கிறேன். கதாநாயகனின் முகத்தைவிட அவருடைய வலது காது எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் நாடகங்களை எழுதியவர் பக்கத்துப் பிரிவில் குமாஸ்தா. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுவார். எங்கள் கதாநாயகனுக்கு இளைப்பு உண்டு, மூன்று வரிக்கு மேல் மூச்சு தாங்காது. அதனால் மூன்று வரிக்கு ஒருமுறை வேறு யாராவது "அப்புறம்?" என்று கேட்பார்கள். பார்ப்பவர்களுக்கு அது விறுவிறுப்பான உரையாடல். எங்களுக்கு அது இளைப்பு. 1984-ல் அவர் மாற்றலாகிப் போக, கணீர்க் குரலோடு ஒருவர் வந்து சேர்ந்தார். அடுத்த நாடகத்தில் ஒன்றரைப் பக்க வசனம் வந்துவிட்டது! எழுதியவர் திடீரென்று வளர்ந்துவிட்டார் என்று ஒரு பத்திரிகையில் விமர்சனம்கூட வந்தது.

நான் தேடியது அந்த இளைப்புக் கால நோட்டு. கிடைத்துவிட்டது. அதில் நகைச்சுவைப் பாத்திரத்தின் பெயர் சதாசிவம். முதல் ஐந்து பக்கத்தில் 'சதாசிவம்' என்றே இருக்கிறது. ஆறாவது பக்கத்திலிருந்து எழுத்தாளர் தன்னை மறந்து அந்த நடிகரின் செல்லப்பெயரையே எழுதிக்கொண்டு போகிறார். அவர் மனத்தில் சதாசிவம் என்று ஒருவர் இல்லை. வெற்றிலைச் சாறு வழிய, தலையைச் சாய்த்துப் பேசும் அந்த ஆள்தான் இருந்தார்.

1599-ல் அச்சான 'ரோமியோ ஜூலியட்' இரண்டாம் பதிப்பில் வேலைக்காரன் பீட்டர் உள்ளே வர வேண்டிய இடத்தில் "வில் கெம்ப் வருகிறார்" என்று இருக்கிறது. கெம்ப், குழுவின் நகைச்சுவை நடிகர். 1600-ல் வந்த 'மச் அடூ அபவுட் நத்திங்' பதிப்பில் காவலர் டாக்பெரியின் வசனங்கள் பலவற்றுக்கு முன்னால் கெம்ப் பெயர், அவருடைய கூட்டாளி வெர்ஜஸுக்குக் கவ்லி என்ற நடிகரின் பெயர். மாளிகை அறையில் உட்கார்ந்து அலமாரிக்கு எழுதும் பிரபுவுக்கு இந்தத் தவறு வராது. நாளைக்கு ஒத்திகை, இன்றைக்குள் காட்சியை முடித்தாக வேண்டும் என்று எழுதுகிறவருக்குத்தான் வரும்.

கெம்ப் 1599 வாக்கில் குழுவைவிட்டுப் போனார். பாடத் தெரிந்த, நுட்பமான கோமாளி ராபர்ட் ஆர்மின் வந்தார். அதற்குப் பிறகு நாடகங்களில் கோமாளியின் குணமே மாறிவிடுகிறது: 'ட்வெல்ஃப்த் நைட்'டில் பாடும் ஃபெஸ்டி, 'லியர் அரசர்' நாடகத்தில் மன்னரையே குத்திக்காட்டும் கோமாளி. அலமாரியில் இருக்கும் நாடகத்துக்கு ஆர்மின் வந்து சேர்ந்த செய்தி எப்படித் தெரியும்?

மார்ச் 10

"பிரபு ஒரு நடிகர் குழுவை வைத்திருந்தாரே, அவருக்கும் நடிகர்களைத் தெரிந்திருக்குமே" என்கிறார் ஒருவர். நியாயமான கேள்வி, நேற்று நானே எழுப்பியிருக்க வேண்டும். ஆம், ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவின் பெயரில் குழுக்கள் இருந்தன. ஆனால் கெம்பும் ஆர்மினும் கவ்லியும் இருந்தது அரண்மனை உள்துறைத் தலைவரான பிரபுவின் பெயரில் இயங்கிய குழுவில். ஷேக்ஸ்பியர் அதில் நடிகர், பங்குதாரர். தனக்கென்று குழு இருக்கும்போது நல்ல சரக்கை எல்லாம் போட்டிக் குழுவுக்குக் கொடுத்தாரா பிரபு?

மார்ச் 10, பின்னிரவு

அக்கா மகள் அனுப்பியது, பகிராமல் இருக்க முடியவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் வம்புகளைத் திரட்டி வைத்த ஜான் ஆப்ரி எழுதியிருக்கிறார்: ராணிக்குக் குனிந்து வணக்கம் சொல்லும்போது ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவுக்குக் காற்றுப் பிரிந்துவிட்டதாம். வெட்கத்தில் ஏழு ஆண்டு வெளிநாடு போய்விட்டாராம். திரும்பி வந்ததும் ராணி வரவேற்றுச் சொன்னாராம்: "பிரபுவே, அந்தக் காற்றை நான் மறந்துவிட்டேன்."

வம்புதான். அவர் இத்தாலிப் பயணம் போனது 1575-76-ல், ஏழு ஆண்டெல்லாம் இல்லை. ஆனாலும் எம்மெரிக் இதைப் படமாக்கியிருந்தால் அக்கா வீட்டுக்காரர் விழித்திருப்பார்.

மார்ச் 13

உயில்.

"ஒரு புத்தகம்கூட இல்லை, ஒரு நாடகம்கூட இல்லை, மனைவிக்கு இரண்டாந்தரக் கட்டில்!" என்று உங்களைத் தவிர இன்னும் மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். அந்த உயிலில் மகள் ஜூடித்துக்கு வெள்ளியில் பொன்முலாம் பூசிய அகன்ற கிண்ணம் இருக்கிறது, வாள் இருக்கிறது, வீடு நிலம் எல்லாம் இருக்கிறது. நாடகம் ஏன் இல்லை? நாடகம் அவருடைய சொத்தே இல்லை. எழுதிக் கொடுத்ததும் அது குழுவுக்குச் சொந்தம். போட்டி நாடகக் கொட்டகையை நடத்திய ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகம் இன்றும் இருக்கிறது. நாடகத்துக்கு ஏறக்குறைய 6 பவுன் கொடுத்து வாங்கிக்கொள்வார், அதோடு எழுதியவருக்கும் அதற்கும் தொடர்பு அறுந்தது.

எங்கள் எழுத்தாளர் குமாஸ்தா 2003-ல் காலமானார். உயில் விவரம் எனக்குத் தெரியும், சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். சிட்லப்பாக்கம் வீடு, தபால் நிலையச் சேமிப்பு, மூத்த மகளுக்குப் பித்தளை அண்டா. அண்டா என்றுகூட இல்லை, "கைப்பிடி வைத்த பெரிய அண்டா" என்று குறிப்பாக எழுதவைத்தார், இரண்டு மகள்களும் சண்டை போடக் கூடாதென்று. பதினான்கு நாடகம் எழுதியவர். நாடகம் என்ற சொல்லே உயிலில் கிடையாது. இன்னும் நானூறு ஆண்டு கழித்து யாராவது அண்டாவைக் காட்டி, இவர் எழுதியிருக்கவே முடியாது, மேலதிகாரிதான் எழுதினார் என்று படம் எடுக்கட்டும்.

ஷேக்ஸ்பியர் உயிலில் இன்னொரு வரி உண்டு, சந்தேகிகள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஹெமிங்ஸ், பர்பேஜ், காண்டெல் மூவரும் நினைவு மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ். மூவரும் கூட நடித்தவர்கள். அவர்களில் ஹெமிங்ஸும் காண்டெலும்தான் 1623-ல் 36 நாடகங்களைத் தொகுத்து ஃபோலியோ என்ற பெரிய அளவுப் புத்தகமாக அச்சிட்டார்கள். அதில் பாதி, 18 நாடகங்கள், அதுவரை அச்சேறாதவை. 'மக்பெத்'தும் 'டெம்பஸ்ட்'டும் அதில் அடக்கம்.

மார்ச் 14

கட்டிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன் என்று மனைவி கண்டித்தாள். நல்ல கட்டில் விருந்தாளி அறையில் கிடக்கும், கணவன் மனைவி படுப்பது இரண்டாந்தரக் கட்டில், அதனால் அது அன்புக் கொடைதான் என்று ஒரு விளக்கம் உண்டு. நான் அதை நம்பி நண்பர்களிடம் பல ஆண்டாகச் சொல்லிவந்தேன். இப்போது உயிலின் வாசகத்தைத் திரும்பப் படித்தால் தயக்கமாக இருக்கிறது. அந்த வரி இடையில் செருகப்பட்டது, "அன்பு மனைவி" என்ற ஒரு சொல்லைக்கூடக் காணோம். நல்ல கணவரா என்று எனக்குத் தெரியாது. எழுதினாரா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

கையெழுத்து ஆறு விதம் என்றீர்கள். என் பள்ளிச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஓய்வூதியப் புத்தகம் மூன்றிலும் என் பெயர் ஆங்கிலத்தில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. வங்கியில் ஒருமுறை, மூவரும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எழுத்துக்கூட்டலுக்கு ஒரே விதி என்பது எலிசபெத் காலத்தில் யாருக்கும் தோன்றாத ஒன்று.

மார்ச் 17

அக்கா மகளுக்கு இன்று நேரம் கிடைத்தது. அவள் சொன்னதை என் மொழியில் போடுகிறேன்.

டி வேர் இறந்தது 1604 ஜூன் 24. 'டெம்பஸ்ட்'டில் வரும் புயலுக்கும் தீவுக்கும் பின்னால் 1609-ல் பெர்முடாவில் தரைதட்டிய 'சீ வென்ச்சர்' கப்பலின் செய்தி இருக்கிறது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. 1613 ஜூன் 29 அன்று 'எட்டாம் ஹென்றி' நடந்துகொண்டிருந்தபோது பீரங்கிப் பொறி கூரையில் பட்டுக் குளோப் எரிந்தது. அதை அப்போதே கடிதமாக எழுதிய சர் ஹென்றி வாட்டன் அதைப் "புது நாடகம்" என்கிறார். ஒருவருடைய காற்சட்டையில் தீப்பிடித்து, பாட்டில் மதுவை ஊற்றி அணைத்தார்களாம், மற்றபடி சேதமில்லை. ஒன்பது ஆண்டுக்கு முன் இறந்தவர் எழுதிவைத்த புது நாடகம்!

இதைவிட எனக்குப் பிடித்தது பிரான்சிஸ் மீர்ஸ். 1598-ல் அவர் இங்கிலாந்தின் நல்ல எழுத்தாளர்களைப் பட்டியலிடுகிறார். நகைச்சுவை நாடகத்தில் சிறந்தவர்கள் என்ற வரிசையில் ஆக்ஸ்ஃபோர்டு பிரபு எட்வர்டு பெயரும் இருக்கிறது, அதே வரிசையில் ஷேக்ஸ்பியர் பெயரும் இருக்கிறது. இரண்டு பேர். டி வேர் எழுதுவார் என்பது ஊருக்கே தெரியும். ஒளிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

மார்ச் 20

கொஞ்சம் பின்வாங்குகிறேன்.

நேற்று தனியாகப் படத்தை மறுபடி போட்டேன். கதையை மறந்துவிட்டுக் கொட்டகையை மட்டும் பார்த்தேன். ஒரு பென்னி கொடுத்துத் தரையில் நிற்கும் கூட்டம், மேலே மாடங்களில் பட்டாடை. 'ஐந்தாம் ஹென்றி' போர்க்கள வசனத்தைச் சொல்லும்போது கீழே நிற்பவர்கள் கையை நீட்டுகிறார்கள். தரை டிக்கெட்டில் நிற்பவரின் முகம் எப்படி மாறும் என்று நான் பக்கத் திரை இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன். முதலில் வாய் திறக்கும், பிறகு பக்கத்தில் இருப்பவரின் தோளில் கை போகும். படத்தில் அது அப்படியே இருக்கிறது. அந்த லண்டனும் கணினியில் எழுப்பியது போலவே தெரியவில்லை. ஜெர்மனியில் பாபெல்ஸ்பர்க் படப்பிடிப்புத் தளத்தில் எடுத்திருக்கிறார்கள். உடைகளுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. கொடுத்திருக்கலாம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. படத்தின் தொடக்கத்தில் இன்றைய நியூயார்க் மேடையில் வந்து பேசுபவர் டெரக் ஜாகோபி. உள்ளே சிறு வேடத்தில் மார்க் ரைலன்ஸ். இருவரும் ஷேக்ஸ்பியரை நடித்தே பேர் வாங்கியவர்கள். ரைலன்ஸ் பத்தாண்டு குளோபின் கலை இயக்குநராக இருந்தவர். இருவரும் 2007-ல் ஸ்ட்ராட்ஃபோர்டுக்காரரைச் சந்தேகிக்கும் அறிக்கையை முன்னின்று வெளியிட்டார்கள். நாடகக்காரனுக்குத் தெரியும் என்று நான் மார்ச் 9 அன்று மார்தட்டினேனே, என்னைவிட ஆயிரம் மடங்கு நாடகக்காரர்களான இவர்களுக்கு அது தெரியவில்லையா?

இதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. பெரிய நடிகருக்கு வசனம் வாயில் நுழையும்போது அதை எழுதியவர் தன்னைவிட உயரமானவராக இருக்க வேண்டும் என்று தோன்றலாம். முக்காலியில் உட்கார்ந்த எனக்கு அப்படித் தோன்றியதில்லை. எழுதியவர் என்னோடு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்.

மார்ச் 21

ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் பிறந்த இல்லத்தைப் பராமரிக்கும் அறக்கட்டளை, படம் வந்தபோது வார்விக்‌ஷயர் சாலைப் பலகைகளில் ஷேக்ஸ்பியர் பெயரைத் துணி போட்டு, ஒட்டி மறைத்தது. கேலியான எதிர்ப்பு. என் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற பொறியாளர் இதைக் கேட்டுவிட்டு, "பயம் இல்லாவிட்டால் எதற்கு மறைக்கிறார்கள்?" என்றார். எதைச் செய்தாலும் சான்றாகிவிடுகிறது அவருக்கு. சான்று இல்லாவிட்டால் அழித்துவிட்டார்கள் என்பார்.

எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். படத்தை வெளியிட்டவர்கள் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களுக்குப் பாடக் கையேடு அனுப்பினார்கள். கற்பனையைக் கற்பனையாக விற்றால் நான் டிக்கெட் வாங்குவேன். அதைக் கரும்பலகையில் எழுதக் கூடாது. படம் வசூலில் படுத்துவிட்டது என்பதில் எனக்கு அற்பச் சந்தோஷம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச் 22

"நம் ஊரில் இப்படிச் சர்ச்சை இல்லையா?" என்று ஒருவர். நம் ஊரில் நோய் வேறு. ஒரு பெயருக்குள் பல பேரைத் திணிப்போம். அதியமானோடு கள் குடித்த ஔவையாரும் 'ஆத்திசூடி' பாடிய ஔவையாரும் ஒருவரே என்று பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்தவன் நான்.

பெயர் தெரியாவிட்டால் என்ன செய்தோம் என்பதுதான் அழகு. "செம்புலப் பெயல்நீர் போல" என்று குறுந்தொகையில் பாடியவர் யாரென்று தெரியவில்லை. தொகுத்தவர்கள் அந்த உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயல்நீரார் என்றார்கள். யாரும் சேர அரசரைத் தேடிப் போகவில்லை.

மார்ச் 23

முதல் வாசகர் திரும்ப வந்திருக்கிறார். "அண்டா விஷயம் ஒப்புக்கொள்கிறேன், கெம்ப் விஷயம் யோசிக்க வைக்கிறது. ஆனாலும் இத்தாலி?" என்கிறார்.

தம்பி, 'தி டூ ஜென்டில்மென் ஆஃப் வெரோனா'வில் வெரோனாவிலிருந்து மிலானுக்குக் கப்பல் ஏறுகிறார்கள். 'தி வின்டர்ஸ் டேல்' பொஹீமியாவில் கடற்கரை இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆற்று வழியும் கால்வாயும் இருந்தன என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு, சொல்லட்டும். எங்கள் குமாஸ்தா காஷ்மீரில் நடக்கும் நாடகம் ஒன்று எழுதினார். அவர் விஜயவாடா தாண்டியதில்லை. சபாவில் பனி விழுந்தபோது முன்வரிசையில் ஒரு பாட்டி சால்வையைப் போர்த்திக்கொண்டார்.

2016 நவம்பர் 6

நான்கு ஆண்டு கழித்து இங்கே வருகிறேன். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் போன மாதம் வெளியிட்ட புதிய ஷேக்ஸ்பியர் தொகுப்பில் 'ஆறாம் ஹென்றி' மூன்று பாகங்களிலும் மார்லோவின் பெயரைக் கூட்டாசிரியராகப் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பொறியாளர் செய்தித்தாளோடு ஓடி வந்தார்: "பார்த்தீர்களா, அவர் எழுதவில்லை!"

தனியாக எழுதவில்லை என்றால் எழுதவில்லை என்று ஆகிவிடுமா? அந்தக் காலத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நாடகம் எழுதுவது வழக்கம். கடைசிக் காலத்தில் ஜான் ஃபிளெச்சரோடு சேர்ந்து எழுதினார். எல்லா அறிஞர்களும் இந்த மார்லோ கணக்கை ஏற்கவில்லை, எனக்கும் கணினி சொற்களை எண்ணிச் சொல்வதில் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் இந்தச் சண்டைகூட ஒத்திகைக் கூடத்துக்குள் நடக்கும் சண்டை. இதில் பிரபுவுக்கு நாற்காலி இல்லை.

மார்ச் 9 குறிப்பில் ஒன்றை மறைத்துவிட்டேன். எங்கள் குமாஸ்தாவின் நாடகங்களில் மூன்று வரிகள் என்னுடையவை. நடிகர் வசனம் மறந்து நின்றபோது நோட்டில் இடம் தவறிப்போய், வாய்க்கு வந்ததை எடுத்துக்கொடுத்தேன். கைதட்டல் கிடைத்தது. மறுநாள் குமாஸ்தா ஒன்றும் சொல்லாமல் அந்த வரிகளை நோட்டில் சேர்த்துக்கொண்டார்.

2023 நவம்பர் 12

ஃபோலியோவுக்கு 400 வயது. அக்கா மகள் இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். 'ரோமியோ ஜூலியட்' 1599 பதிப்பின் பக்கப் படத்தை இணையத்திலிருந்து எடுத்துக் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய அச்சு, நீண்ட 'எஸ்', கொஞ்சம் சாய்ந்த எழுத்து. நடுவில் தனி வரியாக, வில் கெம்ப் வருகிறார்.

சதாசிவம் வேடம் போட்ட எங்கள் நடிகர் போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். பதின்மூன்றாம் நாள் அவர் வீட்டுக்கு நோட்டை எடுத்துப் போனேன். பேரன், கல்லூரி மாணவன், ஆறாம் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டான்: "இது தாத்தாவின் பெயராயிற்றே, சதாசிவம் எங்கே போனார்?" அவனுக்கு அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தேன். ஓரத்தில் என் பென்சில் குறிப்பும் சேர்ந்து விழுந்திருக்கிறது: 'இங்கே மறந்துவிடுவார், தயாராக இரு.'